நாலு மணிப் பணிஸ்

எட்டுச்செலவு முடிந்த மறுநாள், பின்னேரம் நாலு மணிக்குத்தான் அந்த மணம் முதன்முதலாக வந்தது.

குசினியில் அடுப்பு எரியவில்லை. நாகமுத்து விறாந்தைத் தூணோடு சாய்ந்து இருந்தாள். வெண்ணெய் கருகும் மணம். அதோடு சீனி உருகும் மணம். அதற்குக் கீழே மாப்பண்டம் ஏதோ சுடுபடுவது போல இன்னொன்று. வேலிக்கு அப்பாலிருந்து வருகிறதாக்கும் என்று எழுந்து பார்த்தாள். வேலியடியில் மணம் இல்லை. வீட்டுக்குள் வந்தால் இருந்தது. செத்துப்போன புருசன் விதானையாரின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் போனால் இன்னும் கூடுதலாக இருந்தது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. பீங்கான் கோப்பையைத் தட்டில் வைக்கிற மெல்லிய சத்தம்.

அந்த வீட்டில் பீங்கான் கோப்பையே கிடையாது. ஊர் அதிகாரியான ஆழ்வாப்பிள்ளை விதானையார், வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றும் மூக்குப்பேணியில் மட்டுமே குடித்தவர். வேலணையில் அவரைப் போல ஆசாரம் பார்த்தவர் இல்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். அப்படிப்பட்டவர் அறுபத்தொன்றாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

செத்தவருக்கு விருப்பமானது எல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபட முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பதுதான் எட்டுச்செலவு. ஏதாவது ஒன்று விடுபட்டால் ஆத்துமா அதைத் தேடி வீட்டைச் சுற்றும் என்பார்கள். நாகமுத்து ஒன்றும் விடவில்லை. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கையிலை வறை, உழுந்து வடை, மோதகம், கடைசியில் ஒரு சுருட்டும் நெருப்புப் பெட்டியும்கூட வைத்தாள். இருபத்தெட்டு வருடம் சமைத்துப் போட்டவளுக்குத் தெரியாதா?

ஆனால் மணம் நாள் தவறாமல் வந்தது. நாலு மணிக்கு வரும். ஐந்தரைக்குப் போய்விடும்.

இரண்டு கிழமை கழிந்தது. விதானையாரின் தம்பி மார்க்கண்டு அதே வளவில் அடுத்த வீட்டில் இருந்தான். புதன்கிழமை காலை வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னான்.

"மச்சாள், வெள்ளிக்கிழமை நெடுந்தீவிலயிருந்து கதிர்காமர் வாறார்."

"ஆர் கதிர்காமர்?"

"பேய் கட்டுறவர்."

நாகமுத்து விறாந்தையிலிருந்து எழுந்தாள். "ஆரை மார்க்கண்டு பேய் எண்டுறீர்? உம்மைத் தோளில தூக்கித் திரிஞ்ச மனிசனையோ?"

"தூக்கித் திரிஞ்சது அண்ணை. நாலு மணிக்கு மணக்கிறது அண்ணையில்லை. என்ர வீட்டில சின்னனுகள் வெளிக்குப் போகப் பயப்பிடுதுகள். வேலிப் பனையில நாலங்குல ஆணி ஒண்டு. அதோட முடிஞ்சுது அலுவல்."

"ஆணி அறைஞ்சா அந்தியேட்டிக்கும் போக ஏலாது. அந்தப் பனையிலயே நிப்பார். தெரியுமோ உமக்கு?"

"தெரியும். அதுக்கு நான் என்ன செய்ய?"

அவனுக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி செல்லாச்சி மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்தப் பனையில பனங்காய் பொறுக்கிறது ஆர்? என்னை அனுப்பாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

"வாயைப் பொத்திக்கொண்டு வா," என்று மார்க்கண்டு நடந்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் கிரியை செய்தால் ஆத்துமா போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்விடும். அதற்கு எட்டு நாள் இருந்தது. மந்திரவாதி வரவோ இரண்டே நாள். அதற்குள் அவருக்கு என்ன குறை என்று கண்டுபிடித்துப் படைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு விதானையாக இருந்தவர் பனைமரத்தில் ஆணியோடு நிற்பார். பயத்தைவிட இன்னொன்றுதான் நாகமுத்துவைச் சுட்டது. பெண்சாதிக்கே தெரியாத விருப்பம் ஒன்று அந்த மனிதருக்கு இருந்திருக்கிறது.

மத்தியானம் செல்லாச்சி தனியாக வந்தாள்.

"அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"இது பட்டர் பணிஸ் சுடுற மணம். ஊர்காவற்துறைத் துறையடியில மாக்கிறேற் எண்டொரு மனிசியின்ர தேத்தண்ணிக் கடை இருக்கு. அந்தப் பக்கம் போனா மூக்கைத் துளைக்கும்."

"விசர்க் கதை கதைக்காதை. கடைத் தண்ணி வாயில வைக்காத மனிசன்."

"அதுதான் நானும் யோசிச்சனான். ஆனா வியாழனுக்கு வியாழன் அரசாங்க அலுவலாய்க் காரியாதிகாரி கந்தோருக்குப் போறவர்தானே? எங்கட இவர் சொல்லுறவர், கந்தோர் அலுவல் ரெண்டு மணிக்கு முடிஞ்சிடுமெண்டு. அத்தான் வீட்டை வாறது அஞ்சரைக்கு. மிச்ச நேரம் என்ன செய்தவர்?"

நாகமுத்து முந்தானையில் பஸ் காசை முடிந்துகொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. அந்தியேட்டிக்கு முன் பெண்சாதி வீட்டுப் படலை தாண்டுவது வழக்கமில்லை. நாகமுத்து வெள்ளைச் சீலையோடு தாண்டினாள். பஸ்ஸில் ஏறியதும் சனத்தின் கதை நின்றது. இருக்கையின் ஓரத்தில் இருந்த பெண் ஒருத்தி தன் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டு இடம் விட்டாள்.

மாக்கிறேற்றின் கடை துறையை ஒட்டி, கிடுகு வேய்ந்து, உட்கார நாலு வாங்கும் ஒரு மேசையுமாக இருந்தது. பின்பக்கம் சாக்குத் திரை. வள்ளம் போய்விட்டதால் சனம் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கழுத்தில் மாதா படம் தொங்கும் கயிற்றோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீலையைக் கண்டதும் கோப்பையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"நீரோ மாக்கிறேற்?"

"ஓம் அம்மா."

"நான் வேலணை விதானையாரின்ர பெண்சாதி."

"அவர்... இஞ்சை வாறேல்லை அம்மா."

"வாறவரோ எண்டு நான் கேக்கேல்லையே."

சுவர் மணிக்கூட்டில் நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மாக்கிறேற் அதைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு நாகமுத்துவைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் இப்ப போட்டு நாளைக்கு வாங்கோ. உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்."

"நாளைக்கு எனக்கு நேரமில்லை," என்று நாகமுத்து வாங்கில் அமர்ந்தாள்.

மணி நாலடித்தது. சாக்குத் திரைக்குப் பின்னால் கதிரை ஒன்று மண்தரையில் அரங்கிற்று. ஆள் ஒருவர் உட்காருவதற்குக் கதிரையை இழுத்துப்போடுகிற சத்தம். நாகமுத்து அந்தச் சத்தத்தை அறிவாள். இடது கையால் இழுத்து, ஒரு தட்டுத் தட்டிப் போடுவார்.

மாக்கிறேற் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த நொடி அவள் கைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கின. பெட்டியிலிருந்து ஒரு பணிஸை எடுத்துக் கத்தியால் குறுக்கே பிளந்தாள். சட்டியில் உப்புச் சேர்த்த நெடுந்தீவு மாட்டு வெண்ணெய் இருந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் இரண்டு உட்பக்கமும் தடவினாள். தோசைக்கல்லில் குப்புறப் போட்டு, பித்தளைச் செம்பின் அடியால் அமத்திப் பிடித்தாள். வெண்ணெய் சீறியது.

திரைக்குப் பின்னால் கதிரை மறுபடி அரங்கிற்று.

"பொறுங்கோ விதானையார், பொறுங்கோ, ஆகுது," என்றாள் மாக்கிறேற். நாகமுத்துவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "மற்ற ஆக்களுக்குச் சிவக்க எடுத்திடுவன். அவருக்கு ஓரம் கருகோணும். இல்லாட்டிக் கோவம்."

கருகல் மணம் எழுந்தது. அதே மணம். நாகமுத்து வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாக்கிறேற் பணிஸைப் புரட்டி, சூட்டோடு சீனி தூவி, மூடி, தட்டில் வைத்தாள். பால்தேத்தண்ணி ஒன்றைப் பீங்கான் கோப்பையில் ஊற்றினாள். திரையை நீக்காமல் கையை மட்டும் உள்ளே விட்டு இரண்டையும் அங்கிருந்த சின்ன மேசையில் வைத்துவிட்டு, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

சத்தம் அடங்கியது.

"எத்தினை நாளாய்?" என்று கேட்டாள் நாகமுத்து.

"செத்த கிழமையிலயிருந்து. மூண்டு வியாழன் போட்டுது, இது நாலாவது. சுடாமல் விட்டா அந்தக் கதிரை ஓயாது அம்மா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா ஆர் என்ர கடையில வந்து தேத்தண்ணி குடிப்பினம்?"

"உசிரோட எத்தினை நாள் வந்தவர்?"

"ஏழு வருசம்." மாக்கிறேற் தலையைக் குனிந்தாள். "பின்பக்கத்தால வருவார். சொல்லமாட்டன் எண்டு மாதா மேல ஆணை வாங்கினவர். நீங்களாய்க் கண்டுபிடிச்சீங்கள், அதால என்னில பிழையில்லை."

"ஏழு வருசமாய் இதைத் திண்டுபோட்டு, வீட்டை வந்து என்ர குழம்பில உப்புக் காணாது எண்டவர்!"

"முழுக்கத் தின்னமாட்டார். பாதிதான். மற்றப் பாதியைப் பேப்பரில சுத்தித் தரச் சொல்லுவார். வீட்டுக்கு எண்டு."

நாகமுத்துவின் முகம் மாறியது. "எந்த வீட்டுக்கு?"

"அம்மா?"

"எந்த வீட்டுக்கு எண்டு கேக்கிறன். என்ர வீட்டுக்குள்ள இருபத்தெட்டு வருசமாய்ப் பணிஸ் வந்ததில்லை. உண்மையைச் சொல்லும். ஆர் அவள்?"

மாக்கிறேற் அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். "ஐயோ, உங்கட வீட்டுக்குத்தான்! 'நாகமுத்துவுக்கு இதில பிரியம், ஒருக்கா அவளைத் தின்னவிடாமல் பண்ணிப்போட்டன்' எண்டு சொல்லுவார். ஒவ்வொரு முறையும் சொல்லுவார். எனக்கு அலுத்துப்போச்சு."

நாகமுத்துவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. கலியாணமாகி மூன்றாம் மாதம். கொழும்பில் வேலை பார்த்த அவளுடைய தமையன் ஒரு பை நிறையப் பணிஸ் கொண்டுவந்திருந்தான். அவள் ஒன்றைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனபோது விதானையார் பார்த்துவிட்டார். முட்டை பூசிச் சுட்ட கடைப் பண்டம். கையிலிருந்ததைப் பறித்துப் பையோடு வேலிக்கு வெளியே எறிந்தார். தமையன் சாப்பிடாமலே போய்விட்டான். அவள் அதை அன்றைக்கே விழுங்கிக்கொண்டாள். அவர் விழுங்கவில்லை போலிருக்கிறது.

அப்படியானால் அந்தப் பாதிகள் எங்கே போயின?

அதுவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமைகளில் மட்டும் அவர் படலையடியில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு நேரே கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கந்தோரில் பலரோடு பட்ட தீட்டாக்கும் என்று அவள் நினைத்தாள். வளவு நாய் ஐந்து மணியிலிருந்தே படலையில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். எசமான் மேல் நாய்க்கு என்ன பாசம் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஏழு வருடம் படலை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார். தான் போட்ட சட்டத்தைத் தானே தாண்ட முடியாமல் நாய்க்குப் போட்டிருக்கிறார்.

அவள் எழுந்து திரையை விலக்கினாள். மேசையில் தேத்தண்ணி ஆடை படிந்து கிடந்தது. பணிஸ் இரண்டாகப் பிய்க்கப்பட்டிருந்தது. இரண்டு பாதியும் அப்படியே இருந்தன.

"ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான்," என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் மாக்கிறேற். "பிய்ப்பார். தின்னமாட்டார்."

"எனக்கு நாலு பணிஸும் கொஞ்ச வெண்ணெயும் கட்டித் தாரும்."

"அம்மா, எங்கட கை பட்டது உங்கட வீட்டுக்குள்ள..."

"அந்த வீட்டில இனிச் சட்டம் போடுறது நான்."

வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவதாகச் சொன்ன கதிர்காமர், சோளகக் காற்று வள்ளத்தைத் தள்ளியதில் மூன்றரைக்கே வந்து சேர்ந்தார். சின்ன உருவம், பெரிய குடை. கடலில் சத்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. துணிப்பையை விறாந்தையில் வைத்தார். உள்ளே இரும்பு கிணுங்கியது.

நாகமுத்து குசினிக்குள் இருந்தாள். நாலு மணிக்குப் பணிஸைச் சுட்டு, வாழையிலையில் படைத்து, போய்வாருங்கோ என்று சொல்லி அனுப்புவதுதான் அவள் நினைத்திருந்தது. அடுப்பு இன்னும் மூட்டவில்லை.

"பாரும் மார்க்கண்டர்," என்று கதிர்காமர் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார், "நான் ஏமாத்துக்காரன் இல்லை. அடுப்பில்லாமல் மணம் வந்தாத்தான் ஆணியில கை வைப்பன். அடுப்பிருந்தா அது சமையல்."

"செத்த வீட்டில பின்னேரம் ஆர் அடுப்பு மூட்டுறது? நீங்களே மணந்து பாருங்கோவன்."

அப்போது மணம் வந்தது.

இம்முறை கதிரைப் பக்கமிருந்து வரவில்லை. நாகமுத்துவின் தோளுக்குப் பின்னால், குளிர்ந்து கிடந்த அடுப்புக்கு மேலிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு சூடு. அருகில் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம்.

வெளியே பை திறபட்டது. "ஓம். மணக்குது," என்றது கதிர்காமரின் குரல். "எந்தப் பனை?"

இனிப் படைக்க நேரமில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஆணி இறங்கும்.

"ஆர் சொன்னது அடுப்பில்லை எண்டு?" நாகமுத்து உரக்கக் கத்தினாள். "நான்தான் பணிஸ் சுடுறன்!"

வெளியே பையில் இரும்பு மறுபடி கிணுங்கியது.

"மச்சாள்?" என்றான் மார்க்கண்டு. "என்ன சுடுறீங்கள்?"

"பணிஸ், பணிஸ்! வந்தவருக்குத் தேத்தண்ணி குடுக்கிறேல்லையே?"

"ஒருக்கால் பாக்கலாமோ அம்மா?" கதிர்காமரின் காலடி குசினி வாசலுக்கு வந்தது.

"வாசல்லயே நில்லுங்கோ! குளிச்சிட்டு ஈரச்சீலையோட நிக்கிறன், ஆம்பிளையள் உள்ளுக்கு வரக்கூடாது!"

காலடி நின்றது. அவள் மூன்று தேங்காய்ப் பொச்சை அடுப்பில் திணித்து, மண்ணெண்ணெயை விட்டு, நெருப்புக்குச்சி கிழித்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பிடித்தது. கல்லை வைத்தாள். பணிஸைப் பிளந்தாள். வெண்ணெயைத் தடவக் கரண்டி தேடாமல் விரலால் அப்பினாள். கல் சூடேறும்வரை காத்திருந்த அந்த நேரம் முழுக்க, இன்னும் சுடப்படாத பணிஸின் மணம் வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு வெண்ணெய் சீறியது. செம்பால் அமத்தினாள். நிசமான கருகல் எழுந்து மற்றதோடு கலந்தது. எது தன்னுடையது, எது அவருடையது என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

முதல் பணிஸை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியை நின்ற நிலையிலேயே வாயில் போட்டாள். சாவுத் துடக்கு, விரதம் எதையும் நினைக்கவில்லை. நாக்குச் சுட்டது. உப்பு, இனிப்பு, ஓரத்தில் மெல்லிய கசப்பு. முதுகுப் பக்கச் சூடு இன்னும் நெருங்கி வந்தது.

"நல்லாயிருக்கு," என்றாள் மெதுவாக.

மற்ற மூன்றையும் சுட்டுத் தட்டில் அடுக்கி, மூக்குப்பேணிகளில் தேத்தண்ணியோடு வெளியே வந்தாள். மார்க்கண்டு தட்டைப் பார்த்த பார்வையில் பேயே தேவலை என்றிருந்தது.

"இந்த வீட்டில கடைப் பணிஸோ? அண்ணை இருந்திருந்தா..."

"அண்ணை இருந்திருந்தா ரெண்டு கேட்டிருப்பார். பிடியும்."

கடலில் வயிற்றைக் காலிசெய்து வந்த கதிர்காமர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ஒன்றைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். விரலில் ஒட்டிய சீனியை நக்கினார். இரண்டாவதையும் எடுத்தார். முடிந்ததும் குசினி வாசலில் தலையை நீட்டி, எரிகிற அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மார்க்கண்டர்," என்றார், "இது பேயில்லை. பணிஸ்."

"ஐயோ, ரெண்டு கிழமையாய் ஒவ்வொரு நாளும்..."

"ஒவ்வொரு நாளும் சுட்டனான்," என்றாள் நாகமுத்து. "துடக்கு வீட்டில கடைப் பண்டம் திண்டனான் எண்டு சொல்ல வெக்கமாய் இருந்துது. இப்ப சொல்லிப்போட்டன். போய் ஊரெல்லாம் சொல்லும்."

மார்க்கண்டு அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு தன் பங்குப் பணிஸைக் கடித்தான். பதில் சொல்ல வாய் ஓய்வாக இல்லை. கதிர்காமர் ஆணியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, காற்று ஏறமுன் வள்ளத்தைப் பிடிக்கவேண்டும் என்று குடையோடு புறப்பட்டார். மார்க்கண்டு வழியனுப்பத் துறை வரைக்கும் போனான்.

நாகமுத்து குசினிக்குத் திரும்பினாள். அடுப்புக்குத் தண்ணீர் தெளித்து நூர்த்தாள். கல்லை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். மிச்சமிருந்த பாதிப் பணிஸ் பலகையில் வைத்தபடியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் மணை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தாள். போய்வாருங்கோ என்று சொல்ல நினைத்திருந்தாள். அந்தியேட்டிக்கு ஆறு நாள் இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த வீட்டிலிருந்து செல்லாச்சியின் குரல் கேட்டது.

"அக்கா! இன்னுமோ சுடுறீங்கள்? இஞ்சை வரைக்கும் மணக்குது!"

நாகமுத்து கவிழ்த்து வைத்திருந்த கல்லில் கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாய், குளிர்ந்து கிடந்தது.

"ஓம் செல்லாச்சி," என்றாள். "இன்னும் ஒண்டு கிடக்கு."